காலையில் வெளிச்சம், இரவில் விரல்கள்: பருவகால மனக்களைப்பைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலை பதினோரு மணி. ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்திருக்கிறேன். ஆனாலும் ஒரே மின்னஞ்சலை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துவிடுகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பெரிய துக்கமும் இல்லை. தலைக்குள் ஈரச் சாக்கைப் போட்டு மூடியது மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். வெளியே மூன்று வாரமாக வானம் வெளுக்கவே இல்லை. பகல் சுருங்கும் மாதங்களில் ஆண்டுதோறும் எனக்கு இது வரும். சோம்பல் என்று நினைத்துப் பல ஆண்டுகள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் களைப்புக்கு ஒளி சிகிச்சை (பிரகாசமான விளக்கின் முன் தினமும் கொஞ்ச நேரம் உட்காருவது), மசாஜ் இரண்டையும் பலர் சேர்த்தே சொல்வார்கள். இரண்டும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை இல்லை என்பது என் அனுபவம். உடம்பின் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற வேலையைச் செய்வது வெளிச்சம். அந்தக் கடிகாரப்படி ராத்திரி தூங்க முடியாதபடி கழுத்தும் தாடையும் இறுகிக் கிடந்தால், அதைத் தளர்த்திக் கொடுப்பது மசாஜ். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மசாஜுக்கு நிறையச் செலவழித்துவிட்டு, வாங்கிய விளக்கை மாலையில் ஏதோ ஒரு மூலையில் எரியவிடுகிறார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

தொடங்கும் முன்: இது எந்தக் களைப்பு?

பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984இல் ஒரு கட்டுரையில் தனி நிலையாக விவரித்தார்கள். அதற்கு வெளிச்சத்தை மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததும் அதே கட்டுரையில் இருக்கிறது. குளிர்காலத்தில் வருகிற வகைக்கு ஒரு விசித்திரம் உண்டு. பொதுவாக மனச்சோர்வு வந்தால் தூக்கம் போகும், பசி போகும் என்போம். இதில் பெரும்பாலும் தூக்கம் கூடும், இனிப்பும் மாவுப் பண்டமும் அதிகம் கேட்கும், எடை ஏறும், காலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாகும்.

அந்த அளவுக்குப் போகாமல், வேலையும் நடந்துகொண்டு, மூளை மட்டும் மந்தமாகிவிடுகிற லேசான நிலையும் உண்டு. இந்த வழிகாட்டி முக்கியமாக அந்த நிலையில் இருப்பவர்களுக்கு. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளை யோசித்துப் பாருங்கள். அதே மாதங்களில் வந்து, பகல் நீண்டதும் தானாகப் போய்விட்டதா? அப்படியென்றால் பருவத்தின் மேல் சந்தேகப்படலாம். ஆண்டு முழுக்க இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைபாடு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற தூக்கக் கோளாறு, இவையெல்லாம் அச்சு அசலாக இதே மாதிரிதான் தெரியும். அதனால் விளக்கு வாங்கும் காசில் முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் விளக்கு, எண்ணெய் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

இன்னும் சிலர் மருத்துவரைக் கேட்காமல் ஒளி சிகிச்சையில் இறங்கக் கூடாது. இருமுனைக் கோளாறு (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்களுக்குப் பிரகாசமான ஒளி மனநிலையை அளவு மீறி எகிற வைக்கக்கூடும். விழித்திரை நோய், சர்க்கரை நோயால் கண் பாதிப்பு, கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். லித்தியம், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் போன்ற சில மருந்துகள் உடம்பை ஒளிக்குக் கூச வைப்பவை. மாத்திரை ஏதாவது தினமும் எடுப்பவராக இருந்தால், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கண் எதற்கு, விளக்கு எதற்கு?

பார்ப்பது மட்டும் கண்ணின் வேலை இல்லை. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில செல்கள் இருக்கின்றன. தாமாகவே ஒளியை உணரும் இந்தச் செல்களை ஆய்வாளர்கள் 2002இல்தான் அடையாளம் கண்டார்கள். இவை உருவம் காட்டுவதற்காக இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளையின் அடியில் இருக்கும் தலைமைக் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் இவை மிக நன்றாக மசியும். காலையில் பலமான தகவல் போனால் இரவு ஹார்மோனான மெலடோனின் அடங்கி, கடிகாரம் முன்னே நகர்கிறது. போகவில்லை என்றால் உடம்பு பத்து மணி வரை விடியற்காலை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

இதில் நம்மை ஏமாற்றுவது கண்தான். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு அறையில் இரவு விளக்கு வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ். நன்றாக விளக்குப் போட்ட அலுவலகம் 500 லக்ஸ் வரை வரும். வெளியே மேகம் மூடிய பகலிலேயே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும், நேர் வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். இத்தனை வித்தியாசத்தையும் கண் பாவையைச் சுருக்கி விரித்தும், விழித்திரையின் உணர்திறனை மாற்றியும் சமாளித்துவிடுவதால், அறையும் வெளியும் ஏறக்குறைய ஒன்று போலத் தோன்றுகிறது. கடிகாரத்துக்கு அப்படி இல்லை.

படி 1: காசில்லாத வெளிச்சம்

விளக்கு வாங்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய் அரை மணி நேரம் நடங்கள். மேகமாக இருந்தால் நாற்பத்தைந்து நிமிடம். கறுப்புக் கண்ணாடி வேண்டாம், சூரியனை நேராகப் பார்க்கவும் வேண்டாம். மழையாக இருந்தால் கூரைக்கு அடியில், திறந்த பக்கமாக முகத்தை வைத்து உட்காருங்கள். ஜன்னலோரமும் பரவாயில்லை. ஆனால் ஜன்னலை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிப் போனாலே வெளிச்சம் பெருமளவு விழுந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

பலருக்கு இதுவே போதும். எழும் நேரத்தில் இருட்டு விலகாதவர்களும், வெளியே கால் வைக்க முடியாதபடி வேலையில் இருப்பவர்களும் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: விளக்கை வாங்கும்போது

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 10,000 லக்ஸ் என்று போட்டிருக்கும். எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்பது சின்ன எழுத்தில், பல நேரம் பெட்டிக்கு உள்ளே இருக்கிற தாளில் இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். கையடக்க விளக்குகள் பல 15 சென்டிமீட்டரில்தான் அந்த அளவைத் தருகின்றன. அவ்வளவு கிட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு யாரால் அரை மணி நேரம் உட்கார முடியும்? 30 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் தூரத்தில் 10,000 லக்ஸ் தருகிற, ஒளிரும் பகுதி அகலமாக உள்ள விளக்காகத் தேடுங்கள். அகலமாக இருந்தால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் வெளிச்சம் குறையாது.

புற ஊதாக் கதிரை வடிகட்டியது என்று எழுதியிருக்க வேண்டும். தோலைக் கறுக்க வைக்கும் படுக்கை விளக்குகள் முற்றிலும் வேறு சாதி, இந்த வேலைக்கு ஆகாது, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். தனி நீல ஒளி விளக்கு வேண்டியதில்லை. வெள்ளை ஒளியிலேயே தேவையான நீலம் இருக்கிறது, கண்ணுக்கும் கூச்சம் குறைவு.

படி 3: விளக்கை எங்கே வைப்பது

என் முதல் தவறு இங்கேதான். மேஜை முழுக்க காகிதம் என்பதால் விளக்கை அறையின் எதிர்ப்பக்க அலமாரியில் வைத்தேன். அறை முழுக்க ஜெகஜ்ஜோதி. இரண்டு வாரம் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. விளக்கே ஏமாற்று என்று முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்கப் பெட்டியைத் தேடும்போதுதான் உள்ளே இருந்த தாளைப் படித்தேன். 35 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது. நான் வைத்திருந்தது இரண்டு மீட்டருக்கு மேல். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். கணக்குப் போட்டால், என் கண்ணுக்கு வந்தது சாதாரண அலுவலக வெளிச்சத்துக்கும் குறைவு.

சரி, வைக்கும் முறைக்கு வருவோம். ஒரு ஸ்கேல் அல்லது அளவு நாடாவை எடுத்து, விளக்கின் முகப்பிலிருந்து உங்கள் புருவம் வரை அளந்துகொள்ளுங்கள். தாளில் சொன்ன தூரத்துக்கு மேல் போகக் கூடாது. விளக்கு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். வானத்து வெளிச்சம் மேலிருந்து வருவது போல. நேர் எதிரே வைக்காமல் இடப்புறமோ வலப்புறமோ கொஞ்சம் தள்ளி வைத்தால் கூசாது. விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கண் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். படிக்கலாம், எழுதலாம், பல் தேய்க்கும் நேரத்தைக்கூட இதில் சேர்க்கலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு முகத்தில் வெளிச்சம் வாங்கினால் பலன் இல்லை. தோல் வழியாக இது வேலை செய்வதில்லை.

சரியான இடம் கிடைத்ததும் மேஜையில் விளக்கின் கால் இருக்கும் இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். தூக்கக் கலக்கத்தில் தினமும் நாடா பிடித்து அளக்கவா முடியும்?

படி 4: எப்போது, எவ்வளவு நேரம்

10,000 லக்ஸ் என்றால் 30 நிமிடம். உங்கள் விளக்கு 5,000 லக்ஸ்தான் தருகிறது என்றால் ஒரு மணி நேரம். 2,500 என்றால் இரண்டு மணி நேரம். எழுந்தவுடன், முடிந்தவரை தினமும் ஒரே நேரத்தில். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுப்பு இல்லை.

நேராக அரை மணி நேரத்தில் குதிக்காதீர்கள். முதல் மூன்று நாள் 10 நிமிடம், அடுத்த மூன்று நாள் 20, அப்புறம் 30. தலைவலி, கண் உறுத்தல், லேசான குமட்டல், காரணமில்லாத படபடப்பு ஆகியவை முதல் வாரத்தில் வரலாம். வந்தால் ஒரு படி பின்வாங்கி, நேரத்தைக் குறையுங்கள் அல்லது கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். தூக்கமே வராமல் மனம் மட்டும் தறிகெட்டு ஓடினால், பேச்சும் திட்டங்களும் அளவு மீறினால், அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது தவறையும் சொல்லிவிடுகிறேன். காலையில் தவறவிட்ட ஒரு நாள், ஈடுகட்டுவதாக நினைத்து இரவு எட்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். மறுநாளும் கெட்டது. காலையில் விட்டுப்போனால் விட்டதுதான், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: மாலை ஏழு மணிக்கே கண் சொருகி, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்பவர்களின் கடிகாரம் ஏற்கெனவே முன்னால் ஓடுகிறது. அவர்களுக்குக் காலை ஒளி இன்னும் முன்னே தள்ளும். அவர்கள் நேரத்தை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பலன் எப்போது தெரியும்? சிலருக்கு நாலைந்து நாளில், பலருக்கு ஒன்று முதல் இரண்டு வாரத்தில். இது வெறும் மனப்பிரமையோ என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. கனடாவில் 96 பேரை எட்டு வாரம் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. குளிர்கால மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பாதிக்கு 10,000 லக்ஸ் ஒளியும் போலி மாத்திரையும், மறு பாதிக்கு ஃபுளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் போலி ஒளியும் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் 67 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. அதற்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

படி 5: மாலையை மங்க விடுங்கள்

காலையில் சம்பாதித்ததை இரவில் தொலைக்காதீர்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மேல் விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு சின்ன விளக்கை மட்டும் வையுங்கள். திரைகளின் வெளிச்சத்தைக் குறையுங்கள். மசாஜுக்கான நேரமும் இதுதான்.

படி 6: மசாஜ்

மசாஜ் பற்றி மிகையாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலை அது அடியோடு குறைத்துவிடும் என்பார்கள். ஆய்வுகளையெல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்தவர்கள் அந்த விளைவு மிகச் சிறியது என்றே கண்டார்கள். ஆனால் தொடர்ந்து பல முறை செய்துகொண்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். எப்படி என்பதைப் பற்றிச் சண்டை இருக்கலாம், பலன் இருக்கிறது. ஒருநாள் கூத்தாக இல்லாமல் தொடர்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் இதில் நமக்கு உபயோகமான சேதி. மாதத்துக்கு ஒரு முறை இரண்டு மணி நேரத்தைவிட, தினமும் பதினைந்து நிமிடம் செய்வது நல்லது.

இரண்டு விதமான தொடுதல் இருக்கிறது. ஒன்று, மிதமான அழுத்தம். தோல் நகர்வது மட்டுமில்லாமல் அடியில் இருக்கும் தசையும் சேர்ந்து அசைய வேண்டும். இது இதயத் துடிப்பை மெதுவாக்கி உடம்பை ஓய்வுப் பக்கம் திருப்பும். இன்னொன்று, மெதுவாக நீவுவது. முடி வளரும் தோலில் சில நரம்பு இழைகள் இருக்கின்றன. வெதுவெதுப்பான கை, நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. அதைச் சொல்வது சுலபம், செய்வது சிரமம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீவ எட்டு நொடி ஆக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்து பாருங்கள். நாம் வழக்கமாக எவ்வளவு அவசரமாகத் தேய்க்கிறோம் என்பது அப்போது புரியும்.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, சருமத்துக்கு ஒத்துக்கொள்கிற எண்ணெயில் நாலைந்து சொட்டு எடுத்துத் தொடங்குங்கள்.

முதலில் தோள். வலது கையால் இடது தோளையும் கழுத்தையும் இணைக்கும் தடித்த தசையைப் பிடித்து, சப்பாத்தி மாவு பிசைவது போல மெதுவாகப் பிசைந்துகொண்டே கழுத்தருகிலிருந்து தோள்முனை வரை போங்கள். வலிக்கிற இடம் ஒன்று தட்டுப்படும். அங்கே விரலை நிறுத்தி, நீளமாக மூன்று மூச்சு விட்டுவிட்டு நகருங்கள். வலியைப் பத்துக்கு நாலுக்கு மேல் ஏற்ற வேண்டாம். பிறகு மறுபக்கம்.

அடுத்தது பிடரி. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற களைப்பெல்லாம் இங்கேதான் வந்து குடியேறும். மண்டை எலும்பு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், முதுகெலும்புக்கு இருபுறமும் இரண்டு குழிகள் இருக்கும். விரல்களைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் அந்தக் குழிகளில் வைத்து மேல்நோக்கி அழுத்துங்கள். தலையின் கனம் கட்டைவிரல் மேல் இறங்கட்டும். ஒரு நிமிடம். கை வலித்தால் இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு காலுறைக்குள் போட்டு முடிச்சிட்டு, அதன் மேல் பிடரி படும்படி மல்லாந்து படுத்துக்கொள்ளலாம். எனக்குப் பல நாள் இதுவே மசாஜ்.

தாடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல்லைக் கடித்துப் பாருங்கள், காதுக்கு முன்னால் கன்னத்தில் ஒரு தசை புடைக்கும். வாயை லேசாகத் திறந்து வைத்து, மூன்று விரலால் அதைச் சிறு வட்டங்களாகத் தேய்த்துக் கீழ்நோக்கி உருவிவிடுங்கள். அப்புறம் நெற்றிப்பொட்டு. பிறகு விரல்நுனிகளைத் தலையில் பதித்து, முடியைத் தேய்க்காமல் தலைத்தோலையே நகர்த்துங்கள். கடைசியாக முன்கையில் அந்த எட்டு நொடி நீவல், இரண்டு கைக்கும் ஐந்து ஐந்து முறை. நேரம் இருந்தால் பாதங்கள்.

இன்னொருவர் செய்துவிடக் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். தன் கையால் செய்துகொள்வதில் பாதி மனம் வேலை செய்துகொண்டே இருக்கும். தொழில்முறை மசாஜுக்குப் போவதாக இருந்தால், மிதமான அழுத்தம் போதும், கழுத்து, தோள், தலைக்கு அதிக நேரம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் மாலை நேரமாகப் பாருங்கள். காலையில் செய்துகொண்டு வேலைக்குப் போனால் மந்தம் இன்னும் கூடலாம்.

சில எச்சரிக்கைகள். கழுத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடத்தையும் ஒருபோதும் அழுத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். அதைத் தேய்க்கவே கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், தோல் தொற்று, புதுக் காயம் இருக்கும்போது வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

ஒரு நாளில் எப்படிக் கோப்பது?

ஆறரைக்கு எழுந்தால், ஏழுக்குள் விளக்கு முன் உட்கார்ந்து ஏழரைக்கு எழுந்துவிடலாம். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் வெளியே. இரவு எட்டேகாலிலிருந்து விளக்குகள் மங்கலாகட்டும். ஒன்பதரைக்கு மசாஜ், பத்தேகாலுக்குள் படுக்கை. உங்கள் நேரம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் எழும் நேரத்தை மட்டும் அசைக்காதீர்கள்.

ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்று எண் எழுதுங்கள்: எழுந்த நேரம், காலை பதினோரு மணிக்குத் தலை எவ்வளவு தெளிவு என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், தூங்க ஆன நிமிடங்கள். வெளிச்சம், மசாஜ் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் இரண்டு வாரம் வெளிச்சம் மட்டும், மூன்றாவது வாரத்தில் மசாஜைச் சேருங்கள். என் நோட்டில் முதல் வாரம் முழுக்க 3, 3, 4. ஒன்பதாம் நாள் ஒரு 6 வந்தது. அன்றைக்குத் தற்செயலாக இருக்கும் என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மசாஜ் சேர்ந்த பிறகு பதினோரு மணி மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை, தூங்க ஆகும் நேரம்தான் நாற்பது நிமிடத்திலிருந்து பதினைந்துக்கு இறங்கியது. யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மூன்று, நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண்கள் நகரவில்லை என்றால், விளக்கின் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பேச்சு சிகிச்சை, மாத்திரை எல்லாம் இருக்கின்றன. அந்த நோட்டே அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

நன்றாக இருக்கிறது என்றால் பாதிப் பருவத்தில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சில நாளிலேயே பழைய மந்தம் திரும்பிவிடலாம். எழும் நேரத்துக்கே வெளியே நல்ல வெளிச்சம் வரத் தொடங்கியதும், வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் குறைத்துக்கொண்டே வந்து விளக்கை எடுத்து வையுங்கள். வைக்கும் முன், இந்த ஆண்டு களைப்பு தொடங்கிய தேதியை நோட்டில் பார்த்து, அதற்கு இரண்டு வாரம் முந்தைய நாளை அடுத்த ஆண்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். எனக்கு அந்தக் குறிப்பு ‘பரணிலிருந்து விளக்கை இறக்கு, பென்சில் கோட்டைத் தேடு’ என்று இருக்கிறது.